நான்கு பற்களின் வழக்கு

ஹைதராபாத் நகரின் மேற்குப் புறத்தில் கொண்டாப்பூர் என்றொரு பகுதி இருக்கிறது. (சங்காரெட்டிக்கு அருகில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சாதவாகனர் காலத்துக் கொண்டாப்பூர் வேறு, பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டுவதில்லை.) 1998-ஆம் ஆண்டில் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் என்னும் கட்டடம் திறக்கப்பட்ட பின்னர், பாறையும் புதருமாய்க் கிடந்த அந்நிலப்பரப்பில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கணிப்பொறித் தொழிலை நாடித் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்களும் அங்கு உண்டு. வீடுகள் பெருகவே பல் மருத்துவ நிலையங்களும் பெருகின. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணை அத்தகைய நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் தாய் பல வேளைகளில் கேட்டுத் திரும்பும் செய்தி இதுதான்: பல்லுக்குக் கம்பி போட வேண்டும், அதற்கு முன்னர் நான்கு பற்களை எடுக்க வேண்டும்.

கம்பி போடுவதில் இக்காலத்தில் எவருக்கும் தடையில்லை. ‘கிளிப் போட்டிருக்கிறாள்’ என்று சொல்வது பள்ளிப் பிள்ளைகளிடையே சற்றுப் பெருமைக்குரிய செய்தியாகவும் ஆகிவிட்டது. ஆனால் நான்கு பற்கள் என்றவுடன் வீடு திகைத்து நிற்கிறது. “சொத்தை இல்லாத பல்லை யாராவது பிடுங்குவார்களா?” என்று ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில் கேட்கிறாள். பாட்டியின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பற்களைச் சீரமைக்கும் கலையில் வல்லவர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் வாதாடி வந்த கேள்வியே அது. ஒரு தலைமுறை ‘எடுக்கலாகாது’ என்றது. அடுத்த தலைமுறை ‘எடுத்தே தீர வேண்டும்’ என்றது. அதற்கடுத்த தலைமுறை மறுபடியும் தயங்கியது. அவ்வழக்கின் வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கிற்குள் புகுமுன், பல் எவ்வாறு நகர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். தாடையெலும்பில் ஆணி அறைந்தாற்போலப் பல் நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ச்சவ்வு ஒன்று உண்டு. ஊஞ்சலைக் கயிறுகள் தாங்குவதுபோல அந்நார்களே பல்லைத் தாங்குகின்றன. பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுத்தம் பெறும் பக்கத்து எலும்பை உயிரணுக்கள் அரித்துக் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பைப் படிய வைக்கின்றன. இவ்விதம் பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் பெயர்கிறது. கம்பியின் வேலை அழுத்தம் தருவதோடு முடிந்துவிடுகிறது. வழி விடுவதும், விட்ட வழியை அடைப்பதும் உயிருள்ள எலும்பின் வேலை.

இவ்வுண்மையை நுண்ணோக்காடி கொண்டு முதலில் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஸ்வீடன் நாட்டுக் கார்ல் ஸாண்ட்ஸ்டெட். 1904-ஆம் ஆண்டையொட்டி நாயின் பற்களில் கம்பி கட்டி அவர் ஆராய்ந்தார். வலுவாக அழுத்தினால் பல் விரைவில் நகரும் என்பது நம் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். நடப்பதோ வேறு. வலுவான அழுத்தம் நார்ச்சவ்வின் இரத்தக் குழாய்களை நசுக்கிவிடுகிறது. அவ்விடத்து உயிரணுக்கள் மடிகின்றன. பின்புறத்திலிருந்து எலும்பு மெல்லக் கரைந்து வரும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே அவசரப்படுத்தினால் தாமதமே மிஞ்சும். இன்றைய சிகிச்சையிலும் மாதம் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பல் நகரும். “ஆறே மாதத்தில் முடித்துத் தர முடியாதா?” என்று மருத்துவரை நெருக்குவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

பற்களை வரிசைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் ஸெல்ஸஸ், பால் பல் விழாமலிருக்க நிலைப்பல் முளைத்துவிட்டால், பால் பல்லை எடுத்துவிட்டுப் புதிய பல்லை நாள்தோறும் விரலால் அதற்குரிய இடத்தை நோக்கித் தள்ளிவர வேண்டும் என்று எழுதினார். விரலால் மெல்லத் தள்ளுவது, நாள்தோறும் தள்ளுவது ஆகிய இரண்டும் ஸாண்ட்ஸ்டெட்டின் ஆராய்ச்சியோடு ஒத்துப்போவது வியப்பிற்குரியது. பின்னர் நெடுங்காலம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 1728-இல் பாரிஸில் பியர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவம் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். துளைகள் இட்ட வெள்ளி அல்லது பொன் தகட்டைப் பல் வரிசையோரம் பொருத்தி, கோணிய பற்களை நூலால் அதனோடு கட்டி இழுக்கும் முறை அதில் கூறப்பட்டுள்ளது. பொறுமையில்லாத இடங்களில் அவர் இடுக்கியால் பல்லைப் பிடித்து ஒரே மூச்சில் திருப்பிவிட்டுப் பின்னர் கட்டியதும் உண்டு. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கவும் அச்சமாயிருக்கிறது.

‘ஆர்த்தோடான்டிக்ஸ்’ என்று இன்று வழங்கும் பெயர், நேர் என்றும் பல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. இக்கலையைத் தனித் துறையாக நிலைநாட்டியவர் எட்வர்ட் ஏங்கிள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் 1855-இல் பிறந்த இவர், 1899-இல் பற்கடியின் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். மேல்தாடையின் முதற் பெருங் கடைவாய்ப் பல் கீழ்த்தாடைப் பல்லின்மேல் எவ்விடத்தில் வந்து அமர்கிறது என்பதே அப்பிரிவுக்கு அடிப்படை. இன்றும் கொண்டாப்பூரிலாயினும் கோயம்புத்தூரிலாயினும் மருத்துவர் தம் குறிப்பேட்டில் முதலில் எழுதுவது ஏங்கிள் வகுத்த வகுப்பின் எண்ணைத்தான். 1900-இல் அவர் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

ஏங்கிளின் கொள்கை வைதிகம் போன்றது. இயற்கை ஒருவனுக்கு முப்பத்திரண்டு பற்களை அளித்திருக்கிறது. அவை அனைத்தும் தத்தம் இடத்தில் அமையுமானால் முகமும் அழகாக அமையும். ஆகவே பல்லை எடுப்பது தவறு என்பது அவர் முடிவு. தம் நூலின் முந்திய பதிப்புகளில் பல் எடுப்பதற்கு ஓரளவு இடமளித்திருந்த அவரே, 1907-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் அதனை முற்றிலும் மறுத்துவிட்டார். இதற்கு ஆதரவாக அவர் கொண்டது பெர்லின் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட கருத்து: எலும்பின் உள்ளமைப்பு அதன்மேல் விழும் விசைக்கு ஏற்ப மாறும். அப்படியாயின் பற்களை விரித்து வரிசைப்படுத்தி நன்றாக மெல்ல வைத்தால், அவற்றைத் தாங்கும் எலும்பும் தானே வளர்ந்துவிடுமல்லவா என்பது அவர் வாதம். முக அழகின் அளவுகோலாக அவர் காட்டியது அப்பொலோ என்னும் கிரேக்கத் தெய்வத்தின் பளிங்குச் சிலையின் முகம். அந்த அளவுகோலைப் பற்றிப் பின்னர் நாம் பேச வேண்டியிருக்கும்.

ஏங்கிளை மறுத்தவர் சிக்காகோ நகரத்துக் கால்வின் கேஸ். பற்களின் அளவைப் பெற்றோர் வழியாக ஒருவர் பெறுகிறார்; தாடையின் அளவையும் அவ்வாறே பெறுகிறார்; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமென்பது எந்தச் சட்டத்திலும் இல்லை; பொருந்தாதவிடத்துச் சில பற்களை எடுத்தே ஆகவேண்டும் என்றார் அவர். 1911-இல் அமெரிக்கத் தேசியப் பல் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் இருதரப்பும் மோதின. ஏங்கிளின் தரப்பைப் பேசியவர் அவர் மாணவர் மார்ட்டின் டூயி. அச்சேறிய அவ்விவாதத்தை இன்று படிப்பவர்க்குக் கேஸ் கூறியவை நிதானமாகவும் நியாயமாகவும் தோன்றுகின்றன. எனினும் அக்காலத்தில் வென்றது ஏங்கிளின் பெயர்தான். அடுத்த முப்பதாண்டுகள் பல் எடுப்பது இத்துறையில் ஏறக்குறைய விலக்கப்பட்ட செயலாயிற்று.

அந்த வைதிகத்தை உடைத்தவர் ஏங்கிளின் அன்புக்குரிய மாணவர் ஒருவரே என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. சார்லஸ் ட்வீட் என்பவர் ஏங்கிளின் இறுதி ஆண்டுகளில் அவருக்கு உறுதுணையாயிருந்தவர். அரிஸோனா மாநிலத்தில் டூஸான் நகரில் தொழில் நடத்தினார். 1930-இல் ஆசிரியர் மறைந்த பின்னரும் அவர் நெறியினின்று வழுவாமல், ஒரு பல்லையும் எடுக்காமல் சில ஆண்டுகள் சிகிச்சை செய்தார். பிறகு தாம் குணப்படுத்தியதாக எண்ணியிருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பரிசோதித்தார். பெரும்பாலோருக்குப் பற்கள் மறுபடியும் கோணியிருந்தன. வரிசை நிலைத்தவர்களிலும் பலருக்கு உதடுகள் மூட முடியாதபடி வாய் முன் தள்ளியிருந்தது. நன்றாக அமைந்த சிலரிடம் பொதுவாக ஒன்று காணப்பட்டது. அவர்களுடைய கீழ் முன்பற்கள் எலும்பின்மேல் நேர்க்குத்தாக நின்றன. எல்லோருக்கும் அவ்வாறு நிறுத்த வேண்டுமானால் இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் பல்லை எடுக்க வேண்டும்.

ட்வீட் செய்த காரியம் துணிவானது. தம் சிகிச்சை தோற்றவர்களை மீண்டும் அழைத்து, கோரைப் பல்லுக்கு அடுத்து நிற்கும் சிறு கடைவாய்ப் பற்கள் நான்கையும் எடுத்து, கட்டணம் பெறாமல் மறுமுறை சிகிச்சை செய்தார். 1940-இல் சிக்காகோவில் நடந்த மாநாட்டில், முதலில் பல் எடுக்காமலும் பின்னர் பல் எடுத்தும் தாம் சிகிச்சை செய்த 100 பேருடைய பல் அச்சுகளையும் படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டினார். குரு நிந்தனை என்று பழைய மாணவர்கள் கொதித்தெழுந்தனர். ஏங்கிளின் மனைவியாரும் அவரைக் கண்டித்தார். ஆனால் மேசைமேல் இருந்த அச்சுகளுக்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மற்றொரு மாணவரும் அம்முடிவுக்கே வந்திருந்தார். ரேமண்ட் பெக் என்னும் அவர் 1924-இலும் 1925-இலும் கலிபோர்னியாவில் ஏங்கிளிடம் பயின்று அடிலெய்டு நகருக்குத் திரும்பியவர். பழங்குடி மக்களின் மண்டையோடுகளை ஆராய்ந்த அவர், மணலும் நாரும் கலந்த முரட்டு உணவை உண்டு அவர்களுடைய பற்கள் மேற்புறத்தில் மட்டுமின்றி, ஒன்றையொன்று தொடும் பக்கங்களிலும் தேய்ந்திருக்கக் கண்டார். அத்தேய்வினால் பல் வரிசையின் நீளம் குறைந்து பின்பற்களுக்கு இடம் கிடைத்தது. மென்மையான உணவை உண்ணும் நமக்கோ தேய்வும் இல்லை, இடமும் இல்லை. இயற்கை தேய்த்து நீக்கியதை மருத்துவர் எடுத்து நீக்குகிறார் என்பது 1954-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம். கேட்பதற்கு மிகவும் இசைவான வாதம்தான். பிற்கால ஆராய்ச்சியாளர் இதனை அப்படியே ஏற்கவில்லை. பல் தேய்வதைவிடத் தாடை வளராமையே பெரிய காரணம் என்றனர். ராபர்ட் கொருச்சினி என்னும் அமெரிக்க மானிடவியலார் இந்திய அறிஞருடன் சேர்ந்து வட இந்தியாவில் கிராமத்து இளைஞரையும் நகரத்து இளைஞரையும் ஒப்பிட்டு 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தாரிடமே பற்கடிக் கோளாறுகள் மிகுந்து காணப்பட்டன. குருதி ஒன்று, உணவு வேறு. சிறு வயதில் கடித்து மென்று உண்ணாத தாடை முழு வளர்ச்சி பெறுவதில்லை என்று அவர் கருதினார். கரும்பைப் பல்லால் உரித்துத் தின்ற பாட்டிக்குக் கம்பி வேண்டியிராததும், பேத்திக்கு அது வேண்டியிருப்பதும் ஒருவேளை இதனால்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கொள்கையைவிட பெக்கின் கைத்திறனே உலகெங்கும் பரவியது. ஆர்தர் வில்காக் என்னும் உலோகவியலாரின் துணையுடன் மெல்லிய, மீள்தன்மை மிகுந்த எஃகுக் கம்பியை அவர் உருவாக்கினார். மெல்லிய விசையால் பல்லைச் சாய்த்து விரைவாக நகர்த்தி, பின்னர் நிமிர்த்தும் முறை அவருடையது. அம்முறையில் நான்கு பற்களை எடுப்பது ஏறக்குறைய வழக்கமாகவே இருந்தது. இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்லாண்டுகள் ஆதிக்கம் செலுத்தியது இந்த பெக் முறையே. நம் நாட்டில் ‘கம்பி போடுவதென்றால் நான்கு பல் போகும்’ என்ற எண்ணம் ஊன்றிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

நம் நாட்டில் இக்கல்வி வேரூன்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்ற குளிர்பானக் கடையின் வருவாயைக் கொண்டு அவர் அதனை நடத்தினார் என்பர். பற்சொத்தைக்குக் காரணமான இனிப்புப் பானமே பல் மருத்துவத்தை வளர்த்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. ஹைதராபாத்தில் 1959-இல் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அஃப்ஸல்கஞ்சில் மூசி நதியை அடுத்து இன்றும் அது நடைபெறுகிறது. பல் சீரமைப்பு வல்லுநர்களின் இந்தியச் சங்கம் 1965-இல் தோன்றியது. கொண்டாப்பூரில் இன்று கம்பி கட்டும் இளம் மருத்துவரின் ஆசிரியருக்கு ஆசிரியர் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவராயிருக்கலாம். இந்நாட்டில் இக்கலையின் வயது அவ்வளவே.

இனி, அப்பொலோவின் முகத்துக்கு வருவோம். 1931-இல் தலையைப் பக்கவாட்டில் ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வகுக்கப்பட்டது. அப்படத்தில் கோடுகள் வரைந்து, பல் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, தாடை எவ்வளவு முன்வந்திருக்கிறது என்று அளக்கத் தொடங்கினர். அளவு என்றால் அதற்கு ஒப்பிட ஒரு பொது நியமம் வேண்டும். 1948-இல் டௌன்ஸ் என்பவர் வெளியிட்டதும் பின்பு பலரும் பின்பற்றியதுமான நியமம், நல்ல பல் வரிசையுடைய 20 வெள்ளை இன இளையோரின் படங்களிலிருந்து பெறப்பட்டது. இருபது பேர்! அவர்களுள் ஒருவரும் மதுரையைப் பார்த்தவராயிருக்க மாட்டார். அந்த அளவுகோலை நம் பிள்ளைகளின் படத்தின்மேல் வைத்தால், இயல்பாகவே சற்று முன்வந்த பல்லும் நிறைந்த உதடும் ‘கோளாறு’ என்ற கணக்கில் விழும். கோளாறென்றால் திருத்தம், திருத்தமென்றால் நான்கு பற்கள். வட இந்தியரைப் பற்றி 1969-இல் வெளிவந்த ஆய்வும், பின்னர் தென்னிந்தியரைப் பற்றி வந்த ஆய்வுகளும், நம்மவர்க்குரிய இயல்பான அளவுகள் வேறு என்பதைக் காட்டின. இன்று பயிற்சி பெற்ற மருத்துவர் நம்மவர் அளவுகளையே கைக்கொள்கிறார்.

ஆயினும் இவ்விடத்தில் குடும்பத்தார் தெளிவாகப் பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு. பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெத்துப் பல்லாக நிற்கும்போது இடத்துக்காகப் பல் எடுப்பது வேறு. வரிசை சரியாயிருந்தும் வாய் முன்வந்து தோன்றுவதை உள்ளடக்குவதற்காக எடுப்பது வேறு. முன்னதை அளந்து சொல்லிவிடலாம். பின்னது முகத்தைப் பற்றிய விருப்பம். அவ்விருப்பம் பெண்ணுக்கு உண்மையிலேயே உண்டா, அல்லது பெண் பார்க்க வருவோரின் கண்ணுக்கு அஞ்சிப் பெற்றோர் கொண்டதா என்பதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொண்டு செல்வது நல்லது. மருத்துவரின் அளவுகோலால் அதற்கு விடை காண முடியாது.

அமெரிக்காவில் ட்வீட்டும் பெக்கும் வென்ற பின்னர் ஊசல் மறுகோடிக்குச் சென்றது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சிகிச்சை நிலையத்தில் எடுத்த கணக்கு ஒன்று இதனை அழகாகக் காட்டுகிறது. அங்கு 1953-இல் 100 பேரில் 30 பேருக்குப் பல் எடுத்துச் சிகிச்சை செய்தனர். 1968-இல் 76 பேருக்கு. 1993-இல் 28 பேருக்கு. நாற்பதாண்டுகளில் அம்மாநிலத்துப் பிள்ளைகளின் தாடை சுருங்கி மறுபடி விரிந்துவிடவில்லை. மாறியது மருத்துவர்களின் மனம். மனம் மாறியதற்குக் காரணங்கள் பல. பல் எடுத்ததனால் தாடை மூட்டில் நோய் வந்தது என்று மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் தொடுத்த வழக்கில் 1987-இல் பெருந்தொகை இழப்பீடாகத் தீர்ப்பாயிற்று. பல் எடுப்பதற்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஆய்வுகள் கூறினாலும் அச்சம் நின்றுவிட்டது. கருவிகளும் மாறின. 1955-இல் பியோனோகோர் என்பவர் பற்சிப்பியை அமிலத்தால் சற்றே சுரசுரப்பாக்கினால் பசை நன்கு பிடிக்கும் என்று கண்டார். அதன் பயனாகப் பல்லைச் சுற்றி வளையம் மாட்டும் வழக்கம் போய், முகப்பில் சிறு பிராக்கெட்டை ஒட்டும் முறை 1970-களில் பரவியது. (நல்கொண்டா மாவட்டத்தின் ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்தவர் பல்லில் இந்தப் பசை எளிதில் பிடிப்பதில்லை என்பது ஹைதராபாத் மருத்துவர்களுக்கு உள்ள தனித் தொல்லை.) வளையங்களின் தடிப்பு நீங்கியதால் வரிசையில் சிறிது இடம் மிஞ்சியது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகம் 1970-களில் பல் கம்பியாக வந்தது. எவ்வளவு வளைத்தாலும் மெல்லிய விசையுடன் பழைய வடிவுக்குத் திரும்பும் இயல்புடையது அது. வளரும் பிள்ளைகளின் மேல்தாடையை அகலப்படுத்தும் திருகு, பற்களின் பக்கங்களை இழைத்து இடம் பெறுதல், எலும்பில் சிறு திருகாணி பதித்துப் பின்பற்களைப் பின்னுக்குத் தள்ளுதல் ஆகிய வழிகளும் கைக்கு வந்தன. 1990-களின் இறுதியில் கணிப்பொறியின் துணையுடன் வார்த்த கண்ணாடி போன்ற உறைகளும் தோன்றின.

அப்படியானால் வழக்கு ஏங்கிளின் பக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஸியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவர் தோழர்களும் ஒரு பொறுமையான காரியம் செய்தனர். நான்கு பற்களை எடுத்துச் சிகிச்சை முடித்து, தாங்கிக் கருவிகளையும் விட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலானவர்களைத் தேடியழைத்துப் பரிசோதித்தனர். 1981-இல் வெளியிட்ட முடிவு: 65 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருங்கிக் கோணியிருந்தன. இருபதாண்டுகள் கழிந்தவர்களைப் பற்றி 1988-இல் அவர்கள் சொன்னது இன்னும் கசப்பானது; ஏற்கத்தக்க வரிசை நிலைத்தது பத்தில் ஒரு பங்கினருக்கே. பல் எடுக்காமல் விரித்தவர்களுக்கும் கதி வேறாக இல்லை. ட்வீட் ஏங்கிளின் தோல்விகளைக் காட்டினார். லிட்டில் ட்வீட்டின் வழி வந்தவர்களின் தோல்விகளைக் காட்டினார். பற்களை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கட்டி வைக்காத வரிசை கலையும் என்பது இருதரப்பும் விரும்பாத தீர்ப்பு.

இவற்றையெல்லாம் அறிந்த பின் கொண்டாப்பூர்த் தாய் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ‘எடுக்கத்தான் வேண்டுமா?’ என்பதோடு நிற்காது. இடம் எத்தனை மில்லிமீட்டர் போதவில்லை என்று கேட்கலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் பக்கங்களை இழைத்தே பெறலாம். எட்டு, பத்து என்றால் விரிப்பது பற்களை எலும்பின் விளிம்புக்கே தள்ளிவிடும், ஈறும் இறங்கும். எடுக்கும் பல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலம் உடையது. முன் கூறிய வேகத்தில் அவ்விடம் மூடவே ஆறேழு மாதங்கள் ஆகும். மொத்தச் சிகிச்சை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை செல்லும். எக்ஸ்ரே படத்தைக் காட்டச் சொல்லி, உதட்டின் நிலை பிறகு எவ்வாறிருக்கும் என்றும் கேட்கலாம். விடை சொல்லச் சலிக்காத மருத்துவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

கம்பியோடு வாழும் நாட்களைப் பற்றியும் கூற வேண்டும். கட்டிய முதல் மூன்று நான்கு நாட்கள் பற்கள் கூசி வலிக்கும். இட்லி, இடியாப்பம், குழைந்த தயிர் சோறு ஆகியவற்றோடு கழித்துவிடலாம். கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணானால் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி பிராக்கெட்டின்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். முறுக்கு, சீடை, கல்கண்டு, கரும்பு ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். ஹைதராபாத் பிரியாணியில் அரிசிக்குத் தடையில்லை, எலும்புக்கு உண்டு. பெயர்ந்த பிராக்கெட் ஒவ்வொன்றும் சில வாரங்களை விழுங்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது துலக்குதல். கம்பியைச் சுற்றி அழுக்குத் தங்கினால் பற்சிப்பியின் சுண்ணாம்பு கரைந்து, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். பல் நேராகிவிடும், தழும்பு நிற்கும். ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் துலக்குவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க இயலாத பிள்ளைக்கு ஓராண்டு பொறுத்துக் கம்பி போடுவது மேல்.

கம்பியைக் கழற்றும் நாள் வீட்டில் பாயசம் வைக்கும் நாள்தான். அன்றைக்கே மருத்துவர் ரிட்டெய்னர் என்னும் தாங்கியைக் கொடுப்பார். கீழ் முன்பற்களின் பின்புறம் ஒட்டப்பெறும் மெல்லிய கம்பியாகவோ, இரவில் மாட்டிக்கொள்ளும் தட்டாகவோ அது இருக்கும். முதலில் சில மாதங்கள் இரவும் பகலும், பிறகு இரவில் மட்டும். எத்தனை காலம் என்று கேட்டால், பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை என்பதே இக்காலத்து மருத்துவர் பெரும்பாலோர் சொல்லும் விடை. இத்தட்டுகள் தொலைந்து போவது பெரும்பாலும் உணவு வேளையில். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பெண் கல்யாணப் பந்தியில் அதனைக் கழற்றி இலையோரம் வைக்கிறாள். உண்டு முடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுகிறாள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொண்டாப்பூர் திரும்பிப் பழைய அச்சில் வார்த்த புதுத் தட்டை மாட்டினால் அது ஏறுவதில்லை. புதிதாக அச்செடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கென்று கொடுத்த சிறு டப்பியைப் பயணப் பெட்டியில் முதலில் வைப்பது நல்லது.